கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லையா?

(மார்டள்ளியில் ஓட்டுநர்களும் கற்போரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஓர் ஓட்டுநர் பேசியது)



நான் பெரிய பேச்சாளன் இல்லை. வண்டி ஓட்டுகிறவன். மேடையில் நின்றால் எனக்குக் கால் நடுங்குகிறது. ஸ்டீயரிங் பிடித்தால் நடுங்குவதில்லை. அதனால் வண்டியைப் பற்றியே பேசுகிறேன்.

வண்டியின் முன் கண்ணாடியில் தண்ணீர் பீச்சும் கருவி ஒன்று உண்டு. அதை வாஷர் என்கிறோம். சுவிட்சை அழுத்தினால் தண்ணீர் பீச்ச வேண்டும். வைப்பர் துடைக்க வேண்டும். கண்ணாடி பளிச்சென்று ஆக வேண்டும்.

சில நாள் தண்ணீர் வராது. நாமும் சும்மா விட்டுவிடுவோம். "வண்டி ஓடுகிறதே, அது போதும்" என்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் காலை என்னைத் திருத்தியது. முதலில் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அந்தக் காலை

அது ஐப்பசி மாதம். இரவெல்லாம் மழை. கொள்ளேகாலில் சரக்கு இறக்கிவிட்டு விடியற்காலையில் ஊருக்குத் திரும்பினேன். ஹனூர் தாண்டினேன். ராமாபுரம் தாண்டினேன். நம் ஊர் கிழக்கே இருக்கிறது. காலையில் ஊருக்கு வரும்போது சூரியன் நேர் எதிரே நிற்கும். இது உங்களுக்கும் தெரியும்.

எதிரே ஒரு லாரி வந்தது. சாலையில் ஒரு பள்ளம். பள்ளம் நிறையச் செம்மண் தண்ணீர். லாரிச் சக்கரம் அதில் இறங்கியது. சேறு முழுவதும் என் கண்ணாடியில் அடித்தது.

நான் வாஷரை அழுத்தினேன். 'ர்ர்ர்' என்று சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை. வைப்பரைப் போட்டேன். வைப்பர் சேற்றைத் துடைக்கவில்லை. கண்ணாடி முழுவதும் பூசிவிட்டது. அதன்மேல் எதிர்வெயில் அடித்தது. கண்ணாடி செங்கல் சுவர் போல ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கி நின்றது. இறங்கிப் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். தலையில் விறகுக் கட்டு. அவருக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏஞ்சாமி, உனக்குக் கண்ணு தெரியலையா?"

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடிதான் தெரியவில்லை. ஆனால் அதை அந்தப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? தலை குனிந்து நின்றேன்.

வண்டியை ஓரம் கட்டினேன். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கண்ணாடியைக் கழுவினேன். வீட்டுக்கு வந்ததும் வாஷரைப் பார்த்தேன். தண்ணீர் வரும் துளையில் உப்பும் மண்ணும் அடைத்திருந்தன. வீட்டில் இருந்த ஊசியை எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

இரண்டே நிமிட வேலை. அதை நான் மூன்று வாரம் தள்ளிப் போட்டிருந்தேன். அந்த மூன்று வாரத்துக்கு விலையாக ஓர் உயிர் போயிருக்கும்.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போகும். மூன்று நொடியில் 50 மீட்டர். மூன்று நொடி கண்ணாடி மறைத்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள். பாலாறு பக்கம் காடு. பர்கூர் வழியாக அந்தியூர் போனாலும் காடு. யானை வரும், மான் வரும். கோவிலுக்கு நடந்து போகும் பக்தர்கள் வருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். 50 மீட்டருக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

கோடையில் சேறு இல்லை. ஆனால் புழுதி உண்டு. புழுதிக் கண்ணாடியில் உலர்ந்த வைப்பரைப் போடாதீர்கள். மணல் தேய்த்துக் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கீறலில் எதிர் வண்டியின் விளக்கு பட்டால் கண் கூசும். வாஷர் வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

வைப்பரைத் தந்த பெண்

வைப்பர் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அலபாமா என்ற மாநிலம் உண்டு. அங்கே மேரி ஆண்டர்சன் என்ற பெண் இருந்தார். அவர் குளிர் காலத்தில் நியூயார்க் நகரத்துக்குப் போனார். டிராம் வண்டியில் ஏறினார். வெளியே பனி கொட்டியது. கண்ணாடி மறைத்துவிட்டது. ஓட்டுநர் பாதையைப் பார்க்கப் படாத பாடு பட்டார்.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மேரி மட்டும் யோசித்தார். உள்ளே இருந்தபடியே கையால் ஆட்டும் ஒரு ரப்பர்த் துடைப்பானை வரைந்தார். 1903ஆம் ஆண்டு அரசு அவருக்கு அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையைக் கொடுத்தது. எந்தக் கம்பெனியும் அதை விலைக்கு வாங்கவில்லை. அவருக்கு அதனால் பணம் கிடைக்கவில்லை. ஆனால் இன்று வைப்பர் இல்லாத கார் உண்டா?

மேரி ஓட்டுநர் இல்லை. ஒரு பயணி. பயணிகள் யோசித்தாலும் சாலை பாதுகாப்பாகும். இதை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அதில் 101ஆவது விதி வைப்பரைப் பற்றியது. வைப்பர் அழகுக்கு வைத்த பொருள் இல்லை. சட்டம் கேட்கும் பொருள்.

உடம்பை அறிவோம்

வைத்தியர் நோயைப் பார்க்கும் முன் உடம்பை அறிவார். நாமும் வாஷரின் உடம்பை அறிவோம்.

பானெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதில் தண்ணீர். தொட்டியின் அடியில் ஒரு சின்ன மோட்டார். மோட்டாரிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழாய் போகும். குழாயின் முனையில் நாசில் இருக்கும். நாசில் என்றால் தண்ணீர் பீச்சும் சின்னத் துளை. சுவிட்சை அழுத்தினால் மின்சாரம் பியூஸ் வழியாக மோட்டாருக்குப் போகும். மோட்டார் தண்ணீரைத் தள்ளும்.

ஆக, இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று தண்ணீர்ப் பாதை. இன்னொன்று மின்சாரப் பாதை. பழுது இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். எந்தப் பாதை என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள்

வேலை தொடங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். கைப் பிரேக்கைப் போடுங்கள். எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறட்டும். சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும். கை, துண்டு, சேலை முந்தானை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

முதல் வேலை: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். பல நேரம் பழுது இவ்வளவுதான். தொட்டி மூடியில் ஒரு படம் இருக்கும். கண்ணாடியும் அதன்மேல் தண்ணீர் தெறிப்பதும் போல இருக்கும். அந்தப் படம் உள்ள மூடியைத்தான் திறக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுகுகிறதா? அப்படியானால் தொட்டியில் விரிசல் இருக்கலாம். குழாய் கழன்றிருக்கலாம்.

இரண்டாவது வேலை: காது கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்புங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். ஒருவர் வாஷரை அழுத்தட்டும். இன்னொருவர் தொட்டி பக்கம் நின்று கேட்கட்டும்.

'ர்ர்ர்' என்று சத்தம் வருகிறதா? மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. பழுது பெரும்பாலும் தண்ணீர்ப் பாதையில் இருக்கும்.

சத்தமே இல்லையா? பழுது பெரும்பாலும் மின்சாரப் பாதையில் இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். தண்ணீர் வராதபோது நீண்ட நேரம் அழுத்தாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் மோட்டார் கெட்டுப் போகும்.

சத்தம் உண்டு, தண்ணீர் இல்லை

முதலில் நாசிலைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாகப் படிந்து துளையை அடைக்கும். மெல்லிய ஊசியால் மெதுவாகக் குத்துங்கள். பலமாகக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். தண்ணீர் பீச்சாமல் ஒழுகும். ஒரு நாசிலில் தண்ணீர் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால், வராத நாசிலையும் அதற்குப் போகும் குழாயையும் பாருங்கள்.

நாசில் சரியாக இருக்கிறதா? அடுத்து குழாய். நாசிலுக்கு அடியில் குழாயைக் கழற்றுங்கள். அழுத்தச் சொல்லுங்கள். குழாய் முனையில் தண்ணீர் வேகமாக வந்தால் குழாயில் குற்றமில்லை. நாசிலில்தான் அடைப்பு. வரவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள். தொட்டி பக்கம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அங்கே தண்ணீர் வருகிறதா? அப்படியானால் நடுவில்தான் குற்றம்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது என்ன செய்கிறோம்? கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலோடு நடந்து போகிறோம். எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்க்கிறோம். இதுவும் அதே வேலைதான்.

குழாய் மடங்கியிருக்கலாம். பானெட் மூடும்போது நசுங்கியிருக்கலாம். வெயிலில் வெடித்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். வெடித்த இடம் முனையில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி செருகலாம். நடுவில் இருந்தால் புதுக் குழாய் போடுங்கள். விலை குறைவுதான்.

தொட்டி பக்கமே தண்ணீர் வரவில்லையா? தொட்டியின் அடியில் சேறு இருக்கும். மோட்டார் வாயில் சின்ன வலை இருக்கும். இரண்டையும் கழுவுங்கள்.

சத்தமே இல்லை

இப்போது மின்சாரப் பாதை. முதலில் பியூஸ். பியூஸ் பெட்டியின் மூடியில் எந்தப் பியூஸ் எதற்கு என்று அச்சிட்டிருப்பார்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத நாளில் இந்த மூடியைக் கண்டாலே எனக்குப் பயம். பியூஸ் போனாலும் பட்டறைக்குப் போவேன். ஒரு சின்னப் பியூஸ் மாற்ற அரை நாள் காத்திருப்பேன். அரை நாள் கூலி போகும்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். 1997இல் சாமராஜநகர் மாவட்டம் வந்தது. அதற்கு முன் நாம் மைசூரு மாவட்டம். இரண்டிலும் பெயர்ப் பலகை கன்னடத்தில். வீட்டுப் பேச்சு தமிழில். பியூஸ் மூடியோ ஆங்கிலத்தில். நாம் என்ன செய்வது என்று மலைக்க வேண்டாம். எண் எல்லாவற்றிலும் ஒன்றுதான். 10 என்றால் எங்கும் 10. 15 என்றால் எங்கும் 15. மூடியில் வைப்பர், வாஷர் படமும் பல வண்டிகளில் இருக்கும். எண்ணும் படமும் தெரிந்தால் போதும்.

கார்களில் பரவலாக உள்ள தட்டைப் பியூஸுக்கு நிறமும் உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு. 15 ஆம்பியர் நீலம். 20 ஆம்பியர் மஞ்சள்.

சாவியை அணைத்துவிட்டுப் பியூஸை உருவுங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே உள்ள கம்பி அறுந்திருந்தால் பியூஸ் போய்விட்டது. அதே எண் உள்ள புதுப் பியூஸைப் போடுங்கள். 10 இருந்த இடத்தில் 20 போடாதீர்கள். கம்பியைச் சுற்றிப் போடாதீர்கள். சிகரெட் பெட்டித் தாளை மடித்து வைக்காதீர்கள். பியூஸ் ஒரு காவல்காரன். அவன் தன்னை எரித்துக்கொண்டு வண்டியைக் காப்பாற்றுகிறான். காவல்காரனை எடுத்துவிட்டால் ஒயர் எரியும். பிறகு வண்டி எரியும்.

புதுப் பியூஸும் உடனே போகிறதா? எங்கோ ஒயர் உரசுகிறது. அல்லது மோட்டார் இறுகிவிட்டது. அப்போது எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

பியூஸ் நன்றாக இருக்கிறதா? மோட்டாரில் செருகிய ஒயரைப் பாருங்கள். துருவும் பச்சைக் களிம்பும் இருந்தால் சுத்தம் செய்து அழுத்திச் செருகுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் ஒரு 12 வோல்ட் பல்பை அந்த ஒயரில் வைத்துப் பாருங்கள். வாஷரை அழுத்தும்போது பல்பு எரிந்தால் மின்சாரம் வருகிறது. மோட்டார்தான் கெட்டது. பல்பு எரியவில்லை என்றால் ஒயரிலோ சுவிட்சிலோ குற்றம்.

இதைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போங்கள். "வாஷர் வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். "பியூஸ் நன்றாக இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. மோட்டார் ஓடவில்லை" என்று சொல்லுங்கள். உங்கள் நேரமும் மிச்சம். பணமும் மிச்சம்.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

உப்புத் தண்ணீர் வேண்டாம். மழைத் தண்ணீரையோ சுத்திகரித்த தண்ணீரையோ வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். துணி சோப்புத் தூள் போடாதீர்கள். அது அடியில் தங்கும், துளையை அடைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

கடையில் இதற்கென்றே ஒரு திரவம் விற்கிறார்கள். பாட்டிலில் எழுதிய அளவில் தண்ணீரோடு கலக்குங்கள். படிக்கத் தெரிந்ததால் இந்த அளவை நாமே பார்க்கலாம். அந்தத் திரவம் விஷமாக இருக்கலாம். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வெறும் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்களா? அதை மாதக்கணக்கில் தேங்க விடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும். அதைப் பீச்சும்போது மெல்லிய துளியாக நம் மூச்சில் போகும். இங்கிலாந்தில் லெஜியோனேர் என்ற நுரையீரல் நோயைப் பற்றி ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் போனவர்களுக்கு அந்த நோய் அதிகமாக வந்தது தெரிந்தது. ஆகவே தொட்டியை அடிக்கடி கழுவுங்கள்.

பழுது தீரும் வரை

இன்றே சரி செய்ய முடியவில்லையா? வண்டியில் இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு சுத்தமான துணியும் வையுங்கள். கண்ணாடி அழுக்கானால் ஓரம் கட்டுங்கள். கையால் கழுவுங்கள். பிறகு கிளம்புங்கள். நேரம் ஆகிறது என்று பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் வீட்டில் கோபிப்பார்கள். போகாமலே இருந்தால் அழுவார்கள்.

ஓடும்போது திடீரென்று கண்ணாடி மறைத்தால் பதறாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, சாலை ஓரத்தைப் பார்த்து, மெதுவாக ஒதுங்கி நில்லுங்கள்.

வண்டி ஓட்டாத அக்கா தங்கைமார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வேலைக்கும் சந்தைக்கும் எங்கள் வண்டியில் வருகிறீர்கள். கண்ணாடி அழுக்காக இருந்தால் சும்மா உட்காராதீர்கள். "அண்ணே, கண்ணாடியைக் கழுவிட்டு எடுங்க" என்று சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். மேரியும் ஒரு பயணிதான்.

அந்தப் பாட்டியை நான் பிறகும் பல முறை சாலையில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்துவேன். விறகுக் கட்டை ஏற்றிக்கொள்வேன். ஒரு நாள் அவர் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். "இன்னைக்கு ரோடு நல்லாத் தெரியுதப்பா" என்றார். எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் வாஷரை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தால் கிளம்புங்கள். வரவில்லை என்றால் ஊசியை எடுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. வாஷர் மோட்டாரில் சத்தம் வருகிறது. தண்ணீர் வரவில்லை. எதை முதலில் பார்ப்பீர்கள்?

2. 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் பியூஸ் ஏன் போடக் கூடாது?

3. நீங்கள் தள்ளிப் போட்டிருக்கும் சின்ன வேலை எது? அதை எப்போது முடிப்பீர்கள்?